முக்கொம்புப் பக்கம் ஒரு நீச்சல் குளம்: வாடகைக்கு விடுமுன் போட வேண்டிய கணக்குகள்

திருச்சியிலிருந்து கரூர் சாலையில் மேற்கே சுமார் 18 கிலோமீட்டர் போனால் முக்கொம்பு. காவிரி இரண்டாகப் பிரியும் இடம். தெற்கே போவது காவிரி, வடக்கே போவது கொள்ளிடம், நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. இந்த வழியில் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே வார இறுதி வாடகைக்கு விடும் தோட்ட வீடுகள் பெருகிவிட்டன. விளம்பரத்தில் முதல் வரியே "ஸ்விம்மிங் பூல் உண்டு" என்பதுதான். ஆறு பக்கத்திலேயே ஓடும்போது குளம் எதற்கு என்று கேட்கலாம். ஆற்றில் சுழல் உண்டு, மணல் அள்ளிய பள்ளம் உண்டு, வெள்ளம் வந்தால் இறங்கத் தடை உண்டு. ஆகவே குளம் பாதுகாப்பானது என்று ஜனங்கள் நினைக்கிறார்கள்.

என் பெரியப்பா மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். ஜீயபுரம் பக்கம் அவனுக்கு ஒரு தோட்ட வீடு, 10 மீட்டருக்கு 5 மீட்டர் குளத்தோடு. "டேய், நீ இன்ஜினியர்தானே, கொஞ்சம் கணக்கு வழக்கப் பாத்துக்கோ" என்று ஒப்படைத்தான். நான் மென்பொருள் ஆள். சிவில் இல்லை, வக்கீலும் இல்லை. ஆனாலும் ஒரு வேலை கையில் வந்தால் அதன் வேர் வரைக்கும் போய்ப் பார்ப்பது என் வழக்கம். ஏறக்குறைய ஒரு வருஷம் படித்ததும் அளந்ததும் இந்தக் குறிப்பில் இருக்கிறது.

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். நீச்சல் குளத்தை ஏசி, ஜெனரேட்டர் மாதிரி வீட்டோடு வரும் ஒரு வசதியாக எல்லாரும் எண்ணுகிறோம். ஏசி ஓடாவிட்டால் வாடகைதான் குறையும். குளம், ஆள் இல்லாத நாளிலும் வேலை கேட்கும். ஆள் இருக்கும் நாளில் ஓர் உயிருக்கு நம்மைப் பொறுப்பாக்கும். தண்ணீரைத் தேக்கி வைப்பவன் அதைப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். இந்த ஒரு விதியிலிருந்து கீழே உள்ள எல்லாக் கணக்கும் வருகிறது.

1. தண்ணீர்க் கணக்கு

குளத்தின் சராசரி ஆழம் 1.3 மீட்டர். 10 × 5 × 1.3 = 65 கன மீட்டர், அதாவது 65,000 லிட்டர். ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் ஒருமுறை நிரப்பும் தண்ணீர், நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு 295 நாளைக்கு வரும்.

நிரப்பியதோடு முடிவதில்லை. நம்மூர் வெயிலில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 5 முதல் 6 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்ளலாம். 50 சதுர மீட்டர் பரப்புக்கு அது 250 முதல் 300 லிட்டர். குளிப்பவர்கள் தெறிக்கவிடுவதும் உடம்போடு எடுத்துப் போவதும் தனி. மணல் வடிகட்டியை வாரம் ஒருமுறை பின்னோக்கிக் கழுவ 600 லிட்டர் போல் ஆகும். யாரும் குளிக்காத குளமும் தினம் ஐந்தாறு பேரின் பங்குத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறது.

"நம்ம போர், நம்ம தண்ணி, யார் என்ன கேட்கிறது?" என்பார்கள். சட்டப்படி அதில் பாதி உண்மை இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், 7-ஆம் பிரிவின் விளக்க உதாரணங்களில் ஒன்றாக, தன் நிலத்துக்கு அடியில், வரையறுத்த ஓடையாக ஓடாத தண்ணீரை எடுத்துக்கொள்ளும் உரிமை நில உடைமையாளருக்கு உண்டு என்கிறது. தமிழ்நாடு 2003-இல் நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்று கொண்டுவந்து, 2013-இல் அதையே ரத்தும் செய்தது. ஆனால் ஆற்றங்கரை மணலுக்குப் பட்டா எல்லை தெரியாது. நம் போர் உறிஞ்சுவதும் பக்கத்து வாழைக்காரர் உறிஞ்சுவதும் ஒரே மணல் படுகை. கொஞ்சம் கிழக்கே கம்பரசம்பேட்டையில் ஆற்றுப் படுகையில் உள்ள நீர்சேகரிப்புக் கிணறுகள்தான் திருச்சி மாநகருக்குக் குடிநீர் தருகின்றன. ராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கும் திருச்சிப் பக்கத்துக் காவிரியிலிருந்துதான் தண்ணீர் போகிறது.

இங்கே ஒரு சபலத்தையும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் விவசாய இலவச மின் இணைப்பு இருக்கும். அந்த மோட்டாரிலேயே குளத்தை நிரப்பிவிடலாம் என்று தோன்றும்; பலரும் யோசனை சொல்வார்கள். கொடுத்த காரியத்துக்கு இல்லாமல் வேறொன்றுக்கு மின்சாரத்தைப் பயன்படுத்துவது 2003 மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவின் கீழ் வரும்; உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு விதிக்கலாம். சுத்திகரிப்பு மோட்டார் 1 குதிரைத்திறன், தினம் 8 மணி நேரம் ஓடினால் மாதம் 240 யூனிட் பக்கம் வரும். அதற்குத் தனி இணைப்பு, தனி மீட்டர் வைத்துவிட்டோம். மாசக் கணக்கும் அப்போதுதான் தெளிவாகத் தெரிகிறது.

2. காலிக் குளம் ஒரு படகு

முக்கொம்புப் பக்கம் குளம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தப் பகுதி. சென்னைக் கான்ட்ராக்டர்கள் இதைச் சொல்வதில்லை, ஏனென்றால் அங்கே பெரும்பாலான இடங்களில் இந்தப் பிரச்சினை இவ்வளவு கூர்மையாக இருக்காது.

குளத்தைக் கழுவ வேண்டும் என்றால் காலி செய்வோம். காலி செய்த குளம் என்பது மண்ணில் புதைத்த கான்கிரீட் பெட்டி. சுற்றிலும் நிலத்தடி நீர் மேலே இருந்தால் அந்தப் பெட்டி மிதக்கப் பார்க்கும். ஆர்க்கிமிடீஸ் சொன்னதுதான், கப்பலுக்கும் குளத்துக்கும் ஒரே விதி.

எங்கள் குளத்துக்குக் கணக்குப் போட்டேன். தரையும் சுவரும் 20 சென்டிமீட்டர் தடிமன். தரைக்கு 11 கன மீட்டர் கான்கிரீட், சுவர்களுக்கு 8.6. மொத்தம் ஏறத்தாழ 20 கன மீட்டர். கன மீட்டருக்கு 2.5 டன் வீதம் 50 டன். குளத்தின் வெளி அடிப்பரப்பு 56 சதுர மீட்டர். நிலத்தடி நீர் குளத்தின் அடிமட்டத்துக்கு மேல் ஒவ்வொரு மீட்டர் உயரும்போதும் மேல்நோக்கி 56 டன் தள்ளும். 50-ஐ 56-ஆல் வகுத்தால் சுமார் 0.9. அதாவது அடிமட்டத்துக்கு மேல் 90 சென்டிமீட்டர் நீர் ஏறினால் போதும், காலிக் குளம் தூக்கத் தொடங்கும். பக்கத்து மண்ணின் பிடிமானம் கொஞ்சம் தாங்கும். அதை நம்பிக் காரியம் செய்யக் கூடாது. ஒரு மூலை இரண்டு விரல் தூக்கினாலும் டைல்ஸ் வெடிக்கும், குழாய் இணைப்பு முறியும். அப்புறம் அந்தக் குளத்தில் தண்ணீர் நிற்காது.

இப்போது ஆற்றைப் பாருங்கள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. தண்ணீர் முக்கொம்பு வந்து சேர்ந்தபின் கரையோரக் கிணறுகள் ஊறத் தொடங்கும். "ஆத்துல தண்ணி வந்தா கிணத்துல ஊறும்" என்று இங்கே சின்னப் பையனும் சொல்வான். அதன்பிறகு ஆடி, ஆவணி, அப்புறம் வடகிழக்குப் பருவமழை. இந்த மாதங்களில் குளத்தைக் காலி செய்வது ஆபத்து. காலி செய்யப் பாதுகாப்பான காலம் ஆறு வறண்டு கிடக்கும் சித்திரை, வைகாசி. ஆனால் அதுதான் பள்ளி விடுமுறை, வாடகை அதிகம் வரும் காலம்; தண்ணீரும் அருமையான காலம். ஆக, காலி செய்யலாம் என்கிற மாதத்தில் மறுபடி நிரப்பத் தண்ணீர் இருக்காது. தண்ணீர் இருக்கிற மாதத்தில் காலி செய்யக் கூடாது.

இதிலிருந்து நான் வந்த முடிவு, முடிந்தவரை காலியே செய்யாதே என்பதுதான். வடிகட்டியையும் குளோரினையும் ஒழுங்காக வைத்திருந்தால் அதே தண்ணீர் நீண்ட காலம் தாங்கும். குளத்தை ஒட்டி 4 அங்குல பிவிசி குழாய் ஒன்றைத் துளைகளோடு இரண்டரை மீட்டர் ஆழத்துக்கு இறக்கி வைத்தோம். மேலிருந்து ஒரு கயிற்றில் குண்டு கட்டி விட்டால் நிலத்தடி நீர் எங்கே இருக்கிறது என்று ஒரு நிமிஷத்தில் தெரியும். புதிதாகக் கட்டுபவர்கள் தரையில் நீரழுத்த விடுவிப்பு வால்வு வைக்கச் சொல்லிக் கேளுங்கள். வெளி அழுத்தம் கூடினால் அது திறந்து நிலத்தடி நீரைக் குளத்துக்குள் விட்டுவிடும். குளம் அழுக்காகும், ஆனால் உடையாது.

3. குளோரின்

நீச்சல் குளத் தண்ணீரின் தரத்துக்கு இந்தியத் தர அமைவனத்தின் ஐஎஸ் 3328 என்ற தரநிலை இருக்கிறது. நடைமுறைக்கு இரண்டு எண்கள் போதும். மீதமிருக்கும் குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், பிஹெச் 7.2 முதல் 7.8. எங்கள் குளத்தில் குளோரினை லிட்டருக்கு 1 மில்லிகிராம் கூட்ட 65 கிராம் குளோரின் வேண்டும். ப்ளீச்சிங் பவுடரில் 30 சதவீதம் குளோரின் என்றால் சுமார் 215 கிராம் பவுடர். பழைய பாக்கெட்டில் அந்த 30 இருக்காது. திறந்து வைத்தால் நாளாக நாளாகக் குறையும். வெயிலும் குளோரினைத் தின்றுவிடும். ஆகவே கண்ணளவில் கொட்டுவது வேண்டாம். சோதனைக் கிட் விலை பெரிதில்லை. காலையில் ஒன்று, விருந்தினர் இறங்கும் முன் ஒன்று என்று நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

"தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே சார்" என்பார்கள். கண்ணாடி மாதிரி இருப்பது வடிகட்டியின் வேலை. கிருமி சாவது குளோரினின் வேலை. இரண்டும் வேறு. கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் அமீபா மூளைக்காய்ச்சலால் நேர்ந்த மரணங்களைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். வெதுவெதுப்பான, குளோரின் இல்லாத நன்னீர் மூக்கு வழியே ஏறுவதுதான் அதன் பாதை.

4. தண்ணீரைத் தேக்கியவன் யார்?

இனி சட்டம். இங்கே இரண்டு பழைய வழக்குகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது எனக்கு ரொம்பப் பயன்பட்டது.

ஒன்று இங்கிலாந்து வழக்கு, ரைலண்ட்ஸ் எதிர் ஃப்ளெட்சர். ஓர் ஆலை முதலாளி தன் ஆலைக்காக நீர்த்தேக்கம் கட்டினார். அடியில் இருந்த பழைய சுரங்கக் குழிகள் வழியே தண்ணீர் இறங்கிப் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. ஆலை முதலாளி மீது நேரடித் தவறு எதுவும் இல்லை. ஆனாலும் 1868-இல் பிரபுக்கள் சபை அவர்தான் பொறுப்பு என்றது. தன் சொந்தக் காரியத்துக்காக, வெளியேறினால் கேடு விளைவிக்கும் ஒன்றைத் தன் நிலத்தில் கொண்டுவந்து சேர்ப்பவன், அது வெளியேறினால் பதில் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம்.

இரண்டாவது நம் பக்கத்து வழக்கு. அன்றைய சென்னை மாகாணத்தில் கார்வேட்டிநகரம் ஜமீன். இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. பெருமழையில் ஜமீனின் ஏரிகள் உடைந்து மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் பாதையைச் சேதப்படுத்தின. ரைலண்ட்ஸ் தீர்ப்பைக் காட்டிக் கம்பெனி நஷ்டஈடு கேட்டது. 1874-இல் லண்டன் பிரிவி கவுன்சில் மறுத்துவிட்டது. காரணம்தான் முக்கியம். இந்த ஏரிகள் தொன்றுதொட்டு வரும் பாசன அமைப்பின் பகுதி. ஜமீன்தார் நினைத்தாலும் அவற்றை மூடிவிட முடியாது. குடிகளுக்காக அவற்றைக் காப்பது அவர் கடமை. தன் லாபத்துக்காகத் தண்ணீர் தேக்கிய ஆலை முதலாளியும் ஊருக்காக ஏரி காக்கும் ஜமீன்தாரும் ஒன்றல்ல. ஆகவே ஜமீன்தார் கவனக்குறைவாக இருந்தார் என்று நிரூபித்தால்தான் நஷ்டஈடு.

நீச்சல் குளத்து வாடகைக்காரர் இந்த இரண்டு பேரில் யார்? சந்தேகமே வேண்டாம், ஆலை முதலாளிதான். ஊர் கேட்டு நாம் குளம் வெட்டவில்லை. இந்த வழக்குகள் தண்ணீர் வெளியே ஓடியதைப் பற்றியவை. குளத்துக்குள் ஒருவர் மூழ்கினால் கவனக்குறைவு பற்றிய சட்டம்தான் பேசும். ஆனால் யாருக்காகத் தேக்கினாய் என்ற அந்தக் கேள்வி இரண்டு இடத்திலும் நிற்கிறது என்றே எனக்குப் படுகிறது.

ஊருக்காகத் தேக்கியவர்களே எவ்வளவு கறாராக இருந்தார்கள் என்பதற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டு இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலம், பத்தாம் நூற்றாண்டு. ஏரிக்கென்றே ஏரி வாரியம், வருஷா வருஷம் குடவோலையில் ஆள் மாற்றம், முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் என்ன நடந்தது என்பதும் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு மறக்காது. ஆர்தர் காட்டன் 1836-இல் தொடங்கிய மேலணையின் கொள்ளிடப் பகுதியில், 45 மதகுகளில் 9 மதகுகள் வெள்ளத்தில் சரிந்தன. தண்ணீரைத் தடுத்து நிற்கும் எதையும் ஒருதடவை கட்டிவிட்டு மறந்துவிட முடியாது.

5. உள்ளே விழுந்தால்

இந்தியாவில் நீச்சல் குள விபத்து என்றாலே வக்கீல்கள் எடுத்துக்காட்டும் வழக்கு ஒன்று உண்டு. 1972-இல் லுஃப்தான்சா விமான நிறுவனத்தின் துணை விமானி கிளாஸ் மிட்டல்பாக்கர்ட், டெல்லியில் ஓர் ஐந்து நட்சத்திர ஓட்டலில் தங்கியிருந்தபோது குளத்தில் பாய்ந்தார். தலை தரையில் மோதி உடல் செயலிழந்தது. பாயும் பலகை இருந்த இடத்தில் அதற்குத் தக்க ஆழம் இல்லை. 1997-இல் டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி 50 லட்ச ரூபாய் நஷ்டஈடு விதித்தார். வழக்கு நடக்கும்போதே அவர் இறந்துவிட்டார். அதனால் வழக்குரிமை வாரிசுகளுக்குத் தொடராது என்ற காரணத்தால் பின்னர் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. பணம் நிலைக்காவிட்டாலும், அதிக வாடகை வாங்கினால் அதற்கேற்ற அதிகக் கவனமும் காட்ட வேண்டும் என்ற வாதம் சட்டப் புத்தகங்களில் நின்றுவிட்டது.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் பழைய 304ஏ பிரிவில் அதிகபட்சம் இரண்டு ஆண்டு. புதிய 106(1)-இல் ஐந்து ஆண்டு. காசு கொடுத்துத் தங்கும் விருந்தினர், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோரும்கூட. "குளத்தில் இறங்குவது உங்கள் சொந்தப் பொறுப்பு" என்று போர்டு வைத்தால் தப்பிக்கலாம் என்பது எல்லாரும் நம்பும் கதை. அந்த போர்டு எச்சரிக்கையாகப் பயன்படும். நம் கவனக்குறைவை அது கழுவிவிடாது.

இதில் மாத வாடகைக்கும் நாள் வாடகைக்கும் வித்தியாசம் உண்டு. ஒரு குடும்பம் பதினோரு மாத ஒப்பந்தத்தில் குடியிருந்தால் வீட்டின் கட்டுப்பாடு பெரும்பாலும் அவர்கள் கையில். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் சட்டம், கட்டடப் பழுதை உரிமையாளருக்கும் சில்லறைப் பழுதை வாடகைதாரருக்கும் பிரித்துக் கொடுக்கிறது. நீச்சல் குளம் என்ற சொல் நம் வழக்கமான ஒப்பந்தப் படிவங்களில் இருக்காது. மோட்டார் யார் பொறுப்பு, குளோரின் யார் வாங்குவது, வேலிக் கதவின் பூட்டு யாருடையது என்று நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். நாள் வாடகையில் அந்தப் பேச்சே இல்லை. வந்து போகிறவருக்கு நாம் தருவது தங்கும் அனுமதிதான். வீடும் குளமும் முழுக்க நம் கட்டுப்பாட்டில். பொறுப்பும் அப்படியே.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை மாலை. பத்துப் பன்னிரண்டு பேர் வந்த கூட்டம். பெரியவர்கள் எல்லாரும் குளத்தைச் சுற்றியேதான் உட்கார்ந்திருந்தார்கள். நாலு வயதுக் குழந்தை ஒன்று பந்தை எடுக்கக் குனிந்து உள்ளே போய்விட்டது. சத்தம் எதுவும் இல்லை. சினிமாவில் காட்டுவது போலக் கையை வீசிக் கத்துவதெல்லாம் கிடையாது. குழந்தை அப்படியே கீழே போகும். டீ கொண்டுவந்த தோட்டக்காரரின் மனைவிதான் பார்த்தார். தட்டைப் போட்டுவிட்டுச் சேலையோடு இறங்கி முடியைப் பிடித்து இழுத்துப் போட்டார். குழந்தை இருமிவிட்டு அழுதது. எல்லாம் அரை நிமிஷம் இருக்கும். "பத்துப் பேரு இருக்காகளே, யாராச்சும் பாத்துக்குவாகன்னு ஒவ்வொருத்தரும் நெனச்சுட்டாக சார்" என்றார் அந்த அம்மா. குள விபத்து பற்றி நான் படித்த எல்லாவற்றையும்விட அந்த ஒரு வாக்கியம் சரியாக இருந்தது. அவருக்கும் நீச்சல் தெரியாது. ஆழம் குறைந்த பக்கம் என்பதால் தப்பித்தோம்.

6. வெளியூர்க்காரர்கள் என்ன செய்தார்கள்

பிரான்ஸ் 2003 ஜனவரியில் ஒரு சட்டம் போட்டது. தரையில் பதித்த தனியார் குளம் ஒவ்வொன்றுக்கும் வேலி, அலாரம், மூடி, கூடாரம் இந்த நாலில் ஒன்றாவது வேண்டும். பழைய குளங்களுக்கு 2006 வரை அவகாசம் தந்தார்கள். ஆனால் விடுமுறை வாடகை வீடுகளுக்கு 2004 மே மாதமே கெடு. புது இடத்துக்கு வரும் குழந்தைக்குக் குளம் எங்கே இருக்கிறது, எது வழுக்கும் என்று எதுவும் தெரியாதே.

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2016 ஏப்ரல் 29 முதல், குளம் உள்ள வீட்டை வாடகைக்கு விட வேண்டுமென்றால் குளத்துக்கு இணக்கச் சான்றிதழ் வேண்டும். அங்கே வேலியின் உயரம் குறைந்தது 1.2 மீட்டர்; கதவு தானே மூடித் தானே தாழிட்டுக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கா பாடம் கற்றது வேறொரு விஷயத்தில். 2002-இல் ஏழு வயதுச் சிறுமி வர்ஜீனியா கிரேம் பேக்கர், சூடுநீர்த் தொட்டியின் அடிவடிகாலின் உறிஞ்சலில் சிக்கி இறந்தாள். 2007-இல் அவள் பெயரிலேயே சட்டம் வந்தது. இதன் கணக்கும் எளிது. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வடிகாலை ஓர் உடம்பு மூடிவிட்டால், மோட்டார் அரை வளிமண்டல அழுத்தத்துக்கு உறிஞ்சினாலே பிடிக்கும் விசை ஏறத்தாழ 160 கிலோ எடைக்குச் சமம். பலசாலி மனிதனாலும் பிய்க்க முடியாது. இரண்டு வடிகால்களை ஒரு மீட்டர் இடைவெளியில் ஒரே குழாயில் சேர்த்தால், ஒன்று அடைபட்டாலும் மற்றது வழிவிடும். மேல்மூடி தட்டையாக இல்லாமல் குமிழாக இருக்க வேண்டும்.

நம் நாட்டில் தனி வீட்டுக் குளத்தை வாடகைக்கு விட இப்படிச் சான்றிதழ் கேட்கும் தேசியச் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் நம்மிடம் வேறொரு பழைய அறிவு இருக்கிறது. கோயில் தெப்பக்குளத்தைப் பாருங்கள். நாலு பக்கமும் படி. எங்கே விழுந்தாலும் காலுக்கு ஒரு படி அகப்படும். நவீன நீச்சல் குளம் செங்குத்துச் சுவர், ஒரு மூலையில் ஓர் ஏணி. விழுந்த குழந்தைக்குப் பிடிக்க எதுவுமில்லை. புதிதாகக் கட்டுகிறவர்கள் ஒரு நீளப் பக்கம் முழுக்கப் படி வைத்துவிடுங்கள். நீந்தும் இடம் ஒரு மீட்டர் குறையும், போகட்டும்.

7. வரி, சுருக்கமாக

குடியிருக்க வீட்டை மாத வாடகைக்கு விட்டால் ஜிஎஸ்டி விலக்கு. வருமான வரியில் வீட்டு வருமானமாகக் காட்டி 30 சதவீதம் கழித்துக்கொள்ளலாம். நாள் வாடகை தங்கும் விடுதிக் கணக்கில் போகும். ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையான தங்கலுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம். மேசை, கட்டில், குளம், வேலையாள் எல்லாம் சேர்த்து ஒரே வாடகை வாங்கினால், அது வீட்டு வருமானமா, தொழில் வருமானமா, இதர வருமானமா என்று கேள்வி வரும். உச்ச நீதிமன்றம் 1963-இல் சுல்தான் பிரதர்ஸ் வழக்கில், சாமான்களோடு பிரிக்க முடியாதபடி விட்ட ஓட்டல் கட்டட வாடகையை இதர வருமானம் என்றது. 2015-இல் சென்னை ப்ராப்பர்டீஸ் வழக்கில், வாடகைக்கு விடுவதே தொழிலாகக் கொண்ட கம்பெனிக்கு அதைத் தொழில் வருமானம் என்றது. ஆக, 30 சதவீதக் கழிவு தானாக வந்துவிடும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஆடிட்டரிடம் குளம் இருப்பதைச் சொல்லிக் கேளுங்கள்.

8. நாங்கள் செய்தவை

குழந்தை சம்பவத்துக்கு மறுவாரமே சிங்கப்பூருக்கு ஃபோன் போட்டுப் பேசினோம். "வேலி போட்டா போட்டோல அசிங்கமா இருக்கும்டா" என்றான் அண்ணன். "கேஸ் வந்தா அதவிட அசிங்கமா இருக்கும்ணே" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் "சரி, போடு" என்றான்.

குளத்தைச் சுற்றி 1.2 மீட்டர் வேலி, தானே மூடும் கதவு. ஏறிப் பிடிக்கக் குறுக்குக் கம்பி கிடையாது, பக்கத்தில் நாற்காலி போடக் கூடாது.

அடியில் இரண்டாவது வடிகால், குமிழ் மூடிகள்.

குள விளக்குகள் 12 வோல்ட். மோட்டார் இணைப்பில் 30 மில்லிஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான். மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பது.

ஆழம் எவ்வளவு என்று விளிம்பில் பெயின்டில் எழுத்து. 1.6 மீட்டர்தான் அதிகபட்சம் என்பதால் "பாயக் கூடாது" என்று பக்கத்திலேயே.

கயிறு கட்டிய மிதவை வளையம், நீளமான கழி, இரண்டும் கைக்கெட்டும் இடத்தில்.

மாலை ஏழு மணிக்குக் கதவுக்குப் பூட்டு. குடித்தவர்களுக்குக் குளம் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் ஆள். குளம் திறந்திருக்கும் நேரம் முழுக்க, நீச்சல் தெரிந்த, உயிர்மூச்சு கொடுக்கவும் மார்பை அழுத்தவும் பயிற்சி பெற்ற ஒருவர் விளிம்பில் இருப்பார். செல்ஃபோன் பார்க்கக் கூடாது, டீ வாங்கப் போகக் கூடாது. அவர் வராத நாளில் குளம் பூட்டித்தான் இருக்கும் என்று முன்பதிவின்போதே சொல்லிவிடுகிறோம்.

இதனால் வாடகை நாட்கள் குறைந்திருக்கின்றன. "ராத்திரி பூல் இல்லன்னா எதுக்கு சார்?" என்று கேட்டு வைத்துவிடுகிறவர்கள் உண்டு. ஆடிப்பெருக்கு வார இறுதியில் இரண்டு கூட்டம் அப்படிப் போனது. அந்த ஆளின் சம்பளம், குளோரின், மின்சாரம், வடிகட்டி மணல் எல்லாம் கூட்டிப் பார்த்தால் குளத்தால் வரும் கூடுதல் வாடகையில் பெரும்பகுதி குளத்துக்கே போய்விடுகிறது. வாடகை வீட்டில் குளம் வெட்டலாமா என்று என்னைக் கேட்கிறவர்களுக்கு நான் காட்டுவது இந்தக் கணக்கைத்தான். விளிம்பில் நிற்கும் ஆளின் சம்பளத்தைப் போட்ட பிறகும் லாபம் வந்தால் வெட்டுங்கள். அவரை எடுத்துவிட்டால்தான் லாபம் வருகிறது என்றால், அந்த இடத்தில் நாலு வாழை கூட வையுங்கள்.

குளத்துப் பக்கத்துக் குழாயில் வாரம் ஒருமுறை நிலத்தடி நீர்மட்டம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மேட்டூர் திறந்து முக்கொம்புக்குத் தண்ணீர் வந்த எத்தனையாவது நாளில் எங்கள் குழாயில் ஏறத் தொடங்குகிறது என்று ஒரு முழு வருஷ அளவு சேர்ந்ததும் வரைபடத்தோடு போடுகிறேன். ஆற்றோரம் கிணறோ போரோ வைத்திருப்பவர்கள் உங்கள் அளவுகள் இருந்தால் அனுப்புங்கள், சேர்த்துப் பார்க்கலாம்.